குட்டியானை மேல் ஏறிய கரண்டு

மதினி,

இன்று காலை வட்டக்கானலில் ஒரு வெள்ளைக் காருக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோது சந்தனம் மணத்தது. இன்வெர்ட்டர் சூடேறினால் இப்படித்தான். அதன் மேல்மூடி இடுக்கில் ஒட்டிக்கொண்ட அந்தப் பழைய சந்தனம் இத்தனை வருஷமாகியும் முழுசாகப் போகவில்லை. துடைத்தெடுக்க எனக்கும் மனசு வரவில்லை.

காரின் சொந்தக்காரர் சென்னைப் பிள்ளை. பாலிஷ் மிஷினை நான் வெளியே எடுத்ததும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அண்ணா, ப்ளக் பாயிண்ட் எங்க இருக்கு?" என்றார். அவர் வண்டி நின்றது பாதை முடிகிற சரிவில். ஒரு பக்கம் சோலைக்காடு, மறுபக்கம் பள்ளம். நான் நம் குட்டியானை வண்டியின் பின்கதவைத் திறந்து காட்டினேன். இரண்டு பேட்டரி, தடித்த ஒயர், இன்வெர்ட்டர். அவர் போனை எடுத்துப் படம் பிடித்தார். நான் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன். நீங்கள் இருந்திருந்தால் தலையில் ஒரு தட்டு தட்டி, "சோலியப் பாருங்க கொழுந்தனாரே" என்றிருப்பீர்கள்.

சந்தோஷமாக இருந்தால் நான் உங்களுக்குக் கொழுந்தனார். கோபம் வந்தால் ஏலே. நாம் இந்தத் தொழிலைத் தொடங்கிய அந்தப் புரட்டாசி மாசம் முழுக்க நான் ஏலேதான்.

லாட்ஜில் நீங்கள் தரை மெழுகும் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். அந்தப் பெரிய ஹாலை நீங்கள் மெழுகி முடித்தால் உத்தரத்து விளக்கு தரையில் தெரியும். வேலை முடிந்த பிறகு, சீட்டுப் பணத்தில் வாங்கிய சின்ன பாலிஷ் மிஷினை வைத்து, எதிரில் இருந்த டாக்ஸி ஸ்டாண்டு வண்டிகளுக்குப் பாலிஷ் போட்டுக் கொடுப்பீர்கள். கரண்டு லாட்ஜ் வாசல் ப்ளக் பாயிண்டில் இருந்து வரும். பழைய மேனேஜர் வாயால் கொடுத்த அனுமதி அது. புதிதாக வந்தவர் ஒரு நாள், ஸ்டாண்டு ஆட்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒயரைப் பிடுங்கிக் கையில் கொடுத்தார். "கரண்டு என்ன உங்க வீட்டுதாம்மா? ஒண்ணு தரையப் பாருங்க, இல்ல வண்டியப் பாருங்க" என்றார்.

நீங்கள் ஒயரை நிதானமாகச் சுற்றி மடித்தீர்கள். லாட்ஜில் கொடுத்த யூனிஃபார்ம் கோட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தீர்கள். பிறகு ரோட்டைக் கடந்து வந்து ஸ்டாண்டுத் தலைவர் பாயிடம், "ஆயுத பூசைக்கு நம்ம பதினோரு வண்டியும் நான் போட்டுத் தாறேன் பாய். வத்தலகுண்டு பாலிஷ் கடைக்கு ஓட்டிட்டுப் போகாதீங்க" என்றீர்கள். எந்தக் கரண்டில் போடுவீர்கள் என்று பாய் கேட்டார். நீங்கள் கூச்சமே இல்லாமல் என்னைக் கை காட்டினீர்கள்.

 மைக்செட்காரன் இல்லையா நான். பூம்பாறைத் திருவிழா என்றாலும், தேர்தல் பிரச்சாரம் என்றாலும், ஜீப் மேல் குழாயைக் கட்டி ஒற்றை பேட்டரியில் ஊரையே எழுப்பியவன். ஒரு பாலிஷ் மிஷினை ஓட்ட முடியாதா என்று நினைத்துவிட்டேன். ஜெனரேட்டர் வைத்துக்கொள்ளலாமே என்று அண்ணன்தான் முதலில் சொன்னார். "அந்த டப்பா போடுற சத்தத்துக்கு லாட்ஜ்காரன் அன்னைக்கே போலீசைக் கூப்பிடுவான்" என்று நீங்கள் அதை ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள்.

முதல் பலி அண்ணனின் கார். சிகரெட் பற்றவைக்கும் ஓட்டையில் சொருகும் சின்ன இன்வெர்ட்டர் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினேன். சுவிட்சைத் தொட்டதுதான் தாமதம், பட்டென்று ஃபியூஸ் போனது. அண்ணன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அடுத்து என் மைக்செட் இன்வெர்ட்டரை, மைக்செட் பேட்டரியில், மைக்செட் ஒயரால் இணைத்தேன். மிஷின் ஓடியது. நான் கையைத் தட்டினேன். நாலு நிமிஷம் கழித்து ஒயர் சோற்றுக் கஞ்சி மாதிரி இளகி நாறியது.

"ஏலே, மிஷினுல எத்தனை வாட்ஸுன்னு எழுதியிருக்கு, பாத்தியா?" என்றீர்கள்.

பார்க்கவில்லை. இருபது வருஷம் கரண்டோடு பழகியவன் அந்தச் சின்ன எழுத்தைப் படிக்கவே இல்லை. நீங்கள் அதைப் படித்துப் பார்க்காமலே சொன்னீர்கள். "ஆயிரத்து எரநூறு. தெனம் தொடைக்கிறவளுக்குத் தெரியாதா?" பிறகு அந்த இளகிய ஒயரை எடுத்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இம்புட்டு மெல்லிசுல அம்புட்டு கரண்டு எப்படிப் போகும்? வெல்டிங் பட்டறையில தடியா ஒரு ஒயர் கெடக்குமே, அதைப் போடக் கூடாதா?" என்று கேட்டீர்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இன்றைக்கு எழுதும்போதும் கொஞ்சம் இருக்கிறது.

மறுநாள் வெள்ளனே முதல் பஸ்ஸைப் பிடித்துப் பழனிக்கு இறங்கினோம். பேட்டரிக் கடைக்காரர் என்னை விட்டுவிட்டு உங்களிடமே பேசினார். எத்தனை நேரம் ஓடணும், நடுவில் எத்தனை நேரம் நிற்கும், எந்த வேகத்தில் வைப்பீங்க என்று அவர் கேட்க, நீங்கள் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் பேப்பரில் கணக்குப் போட்டார். வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கிற பெரிய பேட்டரி இரண்டு. மிஷின் தொடங்கும்போது இழுக்கும் இழுப்பையும் தாங்குகிற பெரிய இன்வெர்ட்டர் ஒன்று. பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே வெல்டிங் ஒயர், அதுவும் கை நீளத்துக்கு மேல் வேண்டாம். நடுவில் ஒரு தடித்த ஃபியூஸ். ராத்திரி வீட்டில் சார்ஜ் ஏற்றினால் பகலில் ஆறு வண்டி வரை தாங்கும் என்றார். எல்லாவற்றையும் என் மைக்செட் குட்டியானையில் ஏற்றி, பேட்டரி ஆடாமல் இருக்கப் பலகை அடித்தேன். வீட்டு வாசலில் ஓட்டிப் பார்த்தோம். மிஷின் லாட்ஜில் ஓடியதைவிட நன்றாகவே ஓடியது. நான் மறுபடியும் கொழுந்தனார் ஆனேன்.

பூசைக்கு இரண்டு நாள் முன்பு ஸ்டாண்டில் வேலையைத் தொடங்கினோம். பனி, லேசான தூறல். தார்ப்பாய் கட்டி, கீழே ரப்பர் பாய் விரித்துவிட்டுத்தான் நீங்கள் மிஷினைத் தொட்டீர்கள். ஆனால் அதற்கு முன்னால் என் கைவரிசையைக் காட்டிவிட்டேன். எங்கள் மைக்செட் தொழிலில் எந்தப் புதுப் பெட்டியையும் பொட்டு வைக்காமல் முடுக்க மாட்டோம். இன்வெர்ட்டருக்குச் சந்தனத்தைக் குழைத்துத் தாராளமாகப் பூசினேன், குங்குமம் வைத்தேன், கதம்ப மாலை ஒன்றை இரண்டு சுற்றாகச் சுற்றினேன், சூடம் காட்டினேன். பாய்கூட நின்று பார்த்துவிட்டு, "மாப்பிள்ள மாதிரி இருக்குய்யா" என்றார்.

இரண்டு வண்டி முடிந்தது. கறுப்பு ஜீப்பின் கதவில் உங்கள் முகம் தெரிந்தது, பின்னால் மலையும் தெரிந்தது. மூன்றாவது வண்டியில் பாதி பானட்தான் முடிந்திருக்கும், மிஷின் நின்றுவிட்டது. இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு. அணைத்துப் போட்டேன், கொஞ்சம் ஓடி மறுபடி நின்றது. ஒயரைத் தொட்டேன், சூடில்லை. பேட்டரியில் சார்ஜ் நிறைய இருந்தது. எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். ஸ்டாண்டு ஆட்கள் கூடிவிட்டார்கள். லாட்ஜ் மாடியில் மேனேஜர் டீ கிளாஸோடு வந்து நின்றார்.

பாய் உங்கள் பக்கத்தில் வந்து மெதுவாகத்தான் சொன்னார். "வத்தலகுண்டுக்குச் சொல்லிரட்டுமாம்மா? மதியத்துக்குள்ள சொன்னாத்தான் அவுக வாங்குவாக. பூசை அன்னிக்கு வண்டி வெளுத்துப்போயி நின்னா பயலுக மனசு சங்கடப்படும்ல."

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். இந்தப் பதினோரு வண்டி கைவிட்டுப் போனால் அடுத்த வாரம் நீங்கள் ரோட்டைக் கடந்து அந்த மனிதரிடம் போய், கோட்டைத் திருப்பிக் கேட்க வேண்டும். உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

"ஒரு அரை மணி குடுங்க பாய்" என்றீர்கள். பிறகு குட்டியானையில் ஏறி, இன்வெர்ட்டர் முன்னால் உட்கார்ந்து, காய்ச்சல் பிள்ளையைத் தொடுவது போலப் புறங்கையை அதன்மேல் வைத்தீர்கள். "கொதிக்குதே. இதுல காத்தாடி இருக்குல்ல? எங்க இருக்கு?" என்று கேட்டீர்கள். பின்பக்கம் என்றேன். மாலையை விலக்கிப் பார்த்தீர்கள். காற்று உள்ளே போகிற துளைகளில் என் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. காற்று வெளியே வருகிற பக்கத்தில் கதம்பம் ஈரத்தோடு ஒட்டிக் கிடந்தது. லாட்ஜில் தரை மிஷினின் காற்றுத் துளையில் தூசி அடைத்தால் அதுவும் இப்படித்தான் கொதித்து நின்றுவிடுமாம். உங்களுக்கு அது பத்து வருஷப் பழக்கம்.

நீங்கள் கத்தவில்லை. "ஏலே, சாமி மேல பக்தி இருக்க வேண்டியதுதான், அதுக்காக மூக்கையுமா அடைப்பாக?" என்றீர்கள். கொண்டை ஊசியால் ஒவ்வொரு துளையாகச் சந்தனத்தைக் குத்தி எடுத்தீர்கள். மாலையை அவிழ்த்து, எல்லோரும் பார்க்க என் கழுத்தில் போட்டீர்கள். பாய் சிரிக்க ஆரம்பித்தார், அண்ணன் சிரித்தார், ஸ்டாண்டே சிரித்தது. சூடு தணியும்வரை காத்திருந்து சுவிட்சைப் போட்டீர்கள். பச்சை விளக்கு எரிந்தது. வத்தலகுண்டுக்கு யாரும் போன் போடவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் ஆறு. மறுநாள் மதியம் மூன்று மணிக்குள் மிச்சம் ஐந்து. முதல் நாள் சாயங்காலம் வரை நான் மாலையோடுதான் திரிந்தேன். கழற்றினால் நீங்கள் மறுபடி மாட்டிவிடுவீர்கள் என்று பயம்.

பதினோராவது வண்டியை நீங்கள் துடைத்துக்கொண்டிருக்கும்போது மேனேஜர் ரோட்டைக் கடந்து வந்தார். தன் காரையும் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். "போர்ட்டிகோலயே வச்சுப் பண்ணலாம்மா. ப்ளக் பாயிண்ட் இருக்கு, தாராளமா யூஸ் பண்ணிக்கங்க" என்றார்.

நீங்கள் துணியைப் பிழிந்துகொண்டே, "வண்டிய இங்க கொண்டாந்து விடுங்க சார். கரண்டு எங்க வீட்டுதுதான்" என்றீர்கள்.

அவர் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு போய் வண்டியை எடுத்துவந்து வரிசையில் கடைசியாக நிறுத்தினார். மதினி, அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் இன்னும் பத்துப் பெட்டியைச் சந்தனம் பூசி எரித்திருப்பேன். ஆனால் அவர் காருக்கும் நீங்கள் ஒரு குறை வைக்கவில்லை, மற்றதைவிட ஒரு கை கூடவே போட்டீர்கள். ஏன் என்று நான் முறைத்துக்கொண்டதற்கு, "வண்டி என்ன பண்ணுச்சு, பாவம்" என்றீர்கள்.

எல்லாம் முடிந்து குட்டியானையின் பின்தட்டில் உட்கார்ந்தோம். டீ வாங்கிக் கொடுத்தேன். கிளாஸ் உங்கள் கையில் நிற்காமல் ஆடியது, பாதி சேலையில் சிந்திவிட்டது. "மிஷின அணைச்சாச்சு, கை இன்னும் ஓடிக்கிட்டே கெடக்கு பாருங்க கொழுந்தனாரே" என்று இரண்டு கையையும் நீட்டிக் காட்டிச் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று அழுதீர்கள். "இனிமே நான் அங்கிட்டுப் போயி நிக்க வேணாம்ல?" என்று கேட்டீர்கள். வேண்டாம் மதினி என்றேன்.

வேண்டியிருக்கவும் இல்லை. கடைசிவரை நீங்கள் அந்த ரோட்டைக் கடக்கவில்லை. திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தபோதுகூட, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்காமல், இன்றைக்கு எத்தனை வண்டி என்றுதான் என்னைக் கேட்டீர்கள். ஒன்றுகூட இல்லை என்று சொல்ல வாய் வராமல் நாலு என்று பொய் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினீர்கள்.

நீங்கள் போனபிறகுதான் மிஷினை நான் கையில் எடுத்தேன். முதல் காரில் வட்ட வட்டமாகக் கோடு போட்டு வைத்தேன், பாய் பார்த்துவிட்டுப் பார்க்காதது போலப் போனார். இப்போது பழகிவிட்டது. மைக்செட்டைக் குறைத்துக்கொண்டேன். பண்ணைக்காடு, பூம்பாறை, வட்டக்கானல் என்று கரண்டுக் கம்பம் எட்டாத இடத்திலிருந்தெல்லாம் கூப்பிடுகிறார்கள். காற்றுத் துளைப் பக்கம் மட்டும் பொட்டு வைப்பதில்லை.

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே, கொழுந்தனுக்கு வயசாகிவிட்டதோ என்று நினைக்காதீர்கள். கை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு ஆறு வண்டி, மதினி. இது பொய்யில்லை.