தம்பியின் தோளில் எழுந்த தடிப்பு குறித்து

ஆவணித் திங்கள், தேய்பிறை ஐந்தாம் நாள். நேற்று விடுத்த ஓலையில் எழுத்துகளின்மேல் கரி தேய்க்க மறந்து, அப்படியே கட்டி அனுப்பிவிட்டோம். வெறுங்கீறலை வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் படித்திருப்பீர். இங்கே எழுத்தர் இல்லை. எழுத்தாணியையும் நாமே பிடிக்கிறோம். பிழை பொறுத்தருள்க.

ஆற்றுத் துறைகளுக்கும் உப்பளங்களுக்கும் உரிய வெண்மணல் நாட்டின் அரசி சேந்தன்மாதேவி, ஆற்றிடைத் தீவின் மாளிகையில் தனித்திருந்து, நம் தந்தையார் காலந்தொட்டு இந்நாட்டின் சுமை தாங்கும் பேரமைச்சர் காரிநம்பியார்க்கு விடுக்கும் ஓலை. உம் குடி தழைக்க. உம் ஊர்க் குளங்கள் நிறைக. உம் வீட்டுப் பிள்ளைகள் நோயின்றி உறங்குக.

நமக்கு எழுந்த தடிப்பு தம்பி இளஞ்சேயனுக்கும் எழுந்ததால் இது தொற்றும் அம்மையே என அவையோர் துணிந்ததையும், களஞ்சியத்தில் அடைத்து வைத்துள்ள அவனை நாளை மறுநாள் உப்புக்கப்பலில் ஏற்றி நோயர் தீவுக்கு அனுப்பவிருப்பதையும் உம் ஓலையால் அறிந்தோம். அவனுக்கு வயது ஏழு.

பதினாறு வயதில் அரசியானவள் நோயை அறிவாளோ என்று அவையில் சிலர் நகைப்பர். அவர்கள் ஐயத்தில் தவறில்லை. மாலைதோறும் மருத்துவச்சாலையின் ஓரத்தில் அமர்ந்து கேட்டதே நம் கல்வி. ஆயினும், பிள்ளைகளின் தோலில் தடிப்பைக் கண்டால், பெயர் சூட்டுமுன் அது எங்கே எழுந்தது, பிள்ளை எதைத் தொட்டது, எதை உண்டது, காய்ச்சல் உண்டா எனக் கேட்க வேண்டும் என்பதே அங்கு முதற்பாடம். வேர்வையாலும் எழும், சிரங்காலும் எழும், சிலர்க்கு இறால் ஆகாது. அம்மை இவற்றுள் ஒன்று மட்டுமே.

இங்கே பணிப்பெண்கள் இல்லாமையால் நம் ஆடைகளை முதன்முறையாக நாமே மடித்தோம். முனையில், தோலில் பட்டால் தடிக்கச் செய்யும் சேராங்கொட்டைச் சாற்றால் இட்ட கறுப்புக் குறி கண்டோம். ஆடைகள் மாறிப்போகாதிருக்கப் பட்டாடைச்சாலையார் இம்மாதம் புதிதாக இடச் சொன்ன சலவைக் குறி அது. அம்முனையை இடுப்பில் செருகும் இடத்தில் வைத்துப் பார்த்தோம். தடிப்பு அங்கேதான் இருக்கிறது. மேலாடையின் குறி படும் பிடரியிலும் இருக்கிறது. ஆனால் தம்பியின் ஆடைகளுக்குக் குறி இடச் சொல்லவில்லையே என்று அன்றெல்லாம் கலங்கினோம்.

இங்கே எவரும் நம்மைத் தொடுவதில்லை. சோற்றுக்கூடையைப் படகோட்டி கடம்பன் கழிநுனியில் மாட்டி நீட்டுகிறான். நேற்று கழியின் நுனியை வெகுநேரம் விடாமல் பிடித்திருந்தோம், அவனும் இழுக்கவில்லை. தம்பியைப் பற்றிக் கேட்டதற்கு அவன் கூறியதை அவ்வாறே எழுதுகிறோம்: “காய்ச்சலா? பணியாரம் கேட்டுக் கதவை உதைக்கிறாரு தாயே! அடைக்கிறதுக்கு முந்தின நாள் முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சியெல்லாம் தோளிலே ஏத்திக்கிட்டு, நீங்கதான்டா என் படைன்னு திரிஞ்சாரு. படை ராசாவையே பதம் பாத்துருச்சு.”

நாம் சிரித்தோம். இத்தீவில் சிரிப்பொலி நமக்கே அச்சமாயிருந்தது.

அக்காளுக்குக் கோபமா என்று தம்பி கேட்டானாம். இல்லை என நீரே நேரில் சென்று சொல்லுக.

நம் தடிப்பைப் பற்றி இன்னும் தெளிவில்லை. ஆடை படாத நம் இடக்காலிலும் சில புள்ளிகள் உள்ளன. சொறிந்த நகம் சாற்றைக் கொண்டு சென்றதோ, இம்மாளிகைப் புழுக்கத்தின் வேர்க்குருவோ, அம்மையின் தொடக்கமோ, அறியோம். வீடு திரும்பும் ஆசையால் நமக்கு ஏற்றபடி காண்கிறோமோ என்ற ஐயமும் உண்டு. ஆகவே நாம் இங்கேயே இருப்போம். ஒருவரின் ஐயத்துக்கு மற்றவரைத் தண்டித்தல் ஆகாது.

ஆதலின் நம் ஆணை: மருத்துவர் இன்றே தம்பியின் தோளை ஆராய்க. பூச்சிமயிர் கண்டால் மெல்ல எடுத்து, குளிர்ந்த நீரால் கழுவி, அவனைச் செவிலியிடம் சேர்க்க. உப்புக்கப்பல் அவனின்றிச் செல்க. குறியிட்ட சலவையாளர்மேல் எவரும் கை வைக்கலாகாது. அவர்கள் ஏவியதைச் செய்தவர்கள்.

நாரை முத்திரை பதித்து விடுத்தோம். ஓலை கண்ட பொழுதே செய்க. கண்டும் தாழ்த்தியவர் நம் முன் நின்று விடை கூறக் கடவர்.

நாளை விடிந்ததும் நாம் செய்ய வேண்டியது: குறியிட்ட துணிமுனையைத் தடிப்பில்லாத இடக்கையின் உட்புறத்தில் கட்டுதல், மாலையில் அவிழ்த்தல், பின் அங்கும் தடிப்பு எழுகிறதா எனக் காத்திருத்தல்.