பின் பார்

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். வலது கணுக்கால் வீங்கியிருக்கிறது. ஸ்டூலின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மற்றபடி நலம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் வாண்டும் சுகமாக இருக்க வேண்டும். உனக்குப் பாதம் வீங்குகிறதா? உப்பைக் குறை. இடது பக்கமாக ஒருக்களித்துப் படு. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன், நீதான் ஐந்து நிமிடத்தில் வைத்துவிட்டாய்.

போன் என்றால் நீ குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பேசுகிறாய். பாதி நீ பேசுகிறாய், பாதி குழாய் பேசுகிறது. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. படித்துவிட்டுக் கிழித்துப் போடலாம். கிழிக்கத்தான் போகிறாய், தெரியும்.

அன்றைக்கு நீ சொன்னது ஒன்று, கேட்டது ஒன்று. பிரசவத்துக்கு நான் வர வேண்டாம் என்று சொன்னாய். அதற்கு முன்னால், "அக்கா, ஏன் ஒரு கையை இடுப்புலயே வச்சிக்கிட்டு ஆடுன? பாக்க அசிங்கமா இருந்துச்சு" என்று கேட்டாய். முதலில் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

பூங்காவைப் புதுப்பித்துத் திறக்கிறார்கள், கலை நிகழ்ச்சிக்கு நம் பெல்லி டான்ஸ் குழு வேண்டும் என்று கூப்பிட்டார்கள். புல்வெளியில் பலகை மேடை, அதன்மேல் கறுப்பு ரப்பர் விரிப்பு. மூன்று மணிக்கு எங்கள் முறை. சிறப்பு விருந்தினர் வரவில்லை, பொறுங்கள் என்றார்கள். வெயிலில் அந்த ரப்பர் தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. வெறுங்காலோடு மேடை ஓரத்தில் நாங்கள் நான்கு பேரும் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றோம். கணக்கு டீச்சர், "இதையே ஆட்டம்னு சொல்லிட்டு எறங்கிடலாமா" என்று கேட்டாள். நர்ஸ் சிரிக்கவில்லை. அவள் இரவு வேலை முடித்து நேராக வந்திருந்தாள்.

நான்காவது ஆள் யார் என்று நீ கேட்கவே இல்லை. உன் இடத்துக்கு வந்தவள். ரொட்டிக் கடையில் நிற்கிறாள், இருபத்திரண்டு வயது. அவளுக்குப் பெயர் 'புதுசு' என்றே ஆகிவிட்டது. உன்னைப்போலக் கை நீளம், உன்னைப்போல எதற்கெடுத்தாலும் சிரிப்பு. அவளுடைய அப்பா ஆறு மாதம் அவளோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்துவிட்டு, ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று அன்று வந்திருந்தார். மூன்றாவது வரிசையில், மடித்த செய்தித்தாளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு மனிதருக்காகத்தான் அன்றைக்கு நாங்கள் எல்லோரும் ஆடினோம் என்று வைத்துக்கொள்.

நீ இருந்தவரைக்கும் மேடை ஏறும் முன் கடைசி வேலை உன்னுடையது. "பின் பார்" என்பாய். எல்லோரும் வரிசையில் நின்று, முன்னால் நிற்பவளின் இடுப்பில் சில்லறைக் காசு தைத்த பெல்ட்டும் பாவாடையும் சேருமிடத்தில் சேஃப்டி பின் சரியாகக் குத்தியிருக்கிறதா என்று பார்ப்போம். இடுப்பை மட்டும் நம்பி ஆடுகிறவர்களுக்கு இரண்டு பின் தான் மானம் என்று நீதான் சொல்வாய். நீ போன பிறகு இதுதான் முதல் மேடை, அதைச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. நானும் "பின் பார்" என்றேன். புதுசு பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஒரு ஐஸ்கிரீம் வண்டி நின்றது. "என்னக்கா, ஐஸ்கிரீமா?" என்றாள். நர்ஸ்கூடச் சிரித்துவிட்டாள். சிரித்து முடிப்பதற்குள் ஒலிபெருக்கியில் எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவளுடைய பின்னை யாரும் பார்க்கவில்லை. தப்பு என்னுடையது. நான் பார்த்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அன்று காலை அலமாரியைத் திறந்து நம் பின் டப்பாவைத் தேடினேன். அந்த நசுங்கிய பிஸ்கட் டப்பா. மூலைமுடுக்கெல்லாம் துழாவிய பிறகுதான் உறைத்தது, நீ பெட்டி கட்டும்போது உன் துணியோடு அதுவும் போய்விட்டது என்று. கடையில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு போனோம். தகரம் மாதிரிப் பின். சலங்கை, உடை, பழைய படங்கள் எதையும் நீ எடுத்துப் போகவில்லை. யார் கண்ணிலும் படக் கூடாது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து விட்டுவிட்டுப் போனாய். டப்பா மட்டும் எப்படியோ உன்னோடு வந்திருக்கிறது. யாராவது திறந்து பார்த்துக் கேட்டால், தையலுக்கு என்று சொல்லிக்கொள்.

சரியாக நான்கு மணிக்கு ஆரம்பித்தோம். நான்கு மணிக்குப் புல்லுக்குத் தண்ணீர் பீய்ச்சும் குழாய்கள் தானாகத் திறக்கும் என்பது தோட்டக்காரருக்குத் தெரியும். அவரை யாரும் கேட்கவில்லை. அவர் யாரிடமும் சொல்லவில்லை. நான்கு மூலையிலிருந்தும் ஒரே நேரத்தில் தண்ணீர். மேடை, மைக், சிறப்பு விருந்தினர், எல்லோருக்கும் பாரபட்சமில்லாமல் பீய்ச்சியது. எலக்ட்ரீஷியன் பயந்துபோய் மெயினையே இழுத்துவிட்டார். பாட்டு நின்றது. கணக்கு டீச்சர் கையில் வீசி ஆடிக்கொண்டிருந்த பட்டுத் துணி காற்றில் பறந்துபோய் ஐஸ்கிரீம் வண்டிக்குக் கூரை ஆனது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இறங்கிவிடலாம் என்று திரும்பினேன். நர்ஸ் நிற்கவில்லை. விரலில் மாட்டியிருந்த குட்டித் தாளத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள். முகத்தில் தண்ணீர் ஓடுகிறது, இமைக்கவில்லை. அந்தச் சத்தமும் எங்கள் இடுப்புச் சில்லறையும் மட்டும்தான் பாட்டு. ஜனங்கள் கை தட்ட ஆரம்பித்தார்கள். அந்த இரண்டு நிமிடம் நாங்கள் ஆடியதைப்போல என்றைக்கும் ஆடியதில்லை. அதை யாரும் படம் பிடிக்கவில்லை. பாராட்ட இரண்டு கையும் வேண்டுமே.

நனைந்த பாவாடை என்ன கனம் கனக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. புதுசு எனக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தாள். அவள் ஒரு பின் தான் குத்தியிருந்தாள். அது வாயைப் பிளந்தது. பெல்ட் ஒரு பக்கமாக இறங்கியது, பாவாடையும் அதன் கூடவே. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை நான் பார்த்தேன், பிறகு மூன்றாவது வரிசையைப் பார்த்தேன்.

சுற்றிக்கொண்டே அவள் பின்னால் போய் மண்டி போட்டேன். பார்ப்பவர்களுக்கு அதுவும் ஆட்டம்தான். என் இடுப்பிலிருந்த இரண்டில் ஒன்றைக் கழற்றி அவளுக்குக் குத்தினேன். அவள் ஒன்றும் தெரியாததுபோல ஆடிக்கொண்டே இருந்தாள், கெட்டிக்காரி. எழுந்து நின்றபோது எனக்கு மிச்சமிருந்த பின் வளைந்து வழிவிட்டது. அதனால் இடது கையால் பாவாடையைப் பிடித்துக்கொண்டேன். அதனால்தான் கை இடுப்பில் இருந்தது. பிடித்த பிடியை விடாமல் ஆடினேன். ஈர ரப்பரில் கால் வழுக்கி விழுந்தேன், விழுந்தபோதும் கையை எடுக்கவில்லை. ஒரு கையை ஊன்றி எழுந்தேன். கண் மை மூக்குவரை வழிந்திருந்தது.

யாரோ ஒரு புண்ணியவான் நான் கையை இடுப்பில் வைத்ததிலிருந்து படம் பிடிக்கத் தொடங்கியிருக்கிறார். நாற்பது விநாடி. நாற்பத்து நான்கு வயதுப் பொம்பிளை, பருத்த உடம்பு, ஒரு கையால் துணியைப் பிடித்துக்கொண்டு குதிக்கிறாள், விழுகிறாள். "டான்ஸைக் காணோம், பெல்லி மட்டும் இருக்கு" என்று மேலே எழுதியிருக்கிறார்கள். பல் ஆஸ்பத்திரியில் நான் உட்கார்ந்து பெயர் பதிகிற மேஜைக்கு எதிரே, கன்னம் வீங்கிய ஒருவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரித்தால் அவருக்கு உயிர் போகும் வலி. அப்படியும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டாக்டர் ஒரு வாரம் உள் அறையில் ஃபைல் அடுக்கச் சொல்லியிருக்கிறார்.

புதுசு அழுதாள். நடந்ததை அந்தப் படத்துக்குக் கீழேயே எழுதப்போகிறேன் என்று நின்றாள். கூடாது என்று சொல்லிவிட்டேன். எழுதினால் என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவளுடைய அப்பாவுக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது. மகளை ஆட விட்டுவிட்டார். "உங்க டான்ஸ் டீச்சருக்குத்தான் வயசாயிடுச்சு, விட்டுடச் சொல்லு" என்றாராம். நல்ல மனிதர்.

ஊர் சிரித்ததற்கு நான் அழவில்லை. உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உன் நாத்தனார் அந்தப் படத்தைக் காட்டினாள், எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய் என்று நீயே சொன்னாய். சரி, சிரிக்காமல் இருந்தால் சந்தேகம் வரும். உன் மாமியார், "இது உங்க அக்கா மாதிரி இல்ல இருக்கு?" என்று கேட்டார்கள். "இல்ல அத்தை, வேற யாரோ" என்று சொன்னாய். அதுவும் சரி. உடற்பயிற்சி வகுப்பு எடுக்கிற அக்கா என்றுதானே இரண்டு வருடமாகச் சொல்லி வைத்திருக்கிறாய். மாப்பிள்ளையும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். முன் வரிசையில் உட்கார்ந்து உன் ஆட்டத்தைப் பார்த்துத்தானே உன்னைக் கட்டினார். அவரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

வராதே என்றதைக்கூட நான் விழுங்கிக்கொள்வேன். என் முகத்தைப் பார்த்தால் அவர்களுக்குத் தெரிந்துவிடும், உனக்கு அங்கே வாழ வேண்டும். ஆனால் கை ஏன் இடுப்பில் இருந்தது என்று நீ கேட்டாயே, அதுதான் தொண்டையில் நிற்கிறது. ஊரில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஒன்பது வருடம் எனக்கு முன்னால் நின்று ஆடியவள் நீ. ஈரப் பாவாடை, இடுப்பில் கை, பார்த்தவுடனே பின் போய்விட்டது என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? அக்காவுக்குப் பின் போதவில்லை, டப்பா என்னிடம் இருக்கிறதே என்று ஒரு நொடி தோன்றியிருக்க வேண்டாமா? விழுந்தாயே, அடி பட்டதா என்றாவது கேட்டிருக்கலாம். நீ கேட்டது அசிங்கத்தைப் பற்றி. மாமியார் வீட்டோடு குடிபோன ஏழே மாதத்தில் அவர்களுடைய கண்ணால் பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டாய்.

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். உள்ளூரில் யாராவது கேட்டால் கால் சரியில்லை என்று சொல்லிக்கொள்கிறேன், அது பொய்யும் இல்லை. அம்மா இருந்திருந்தால் உன்னைப் பார்த்துக்கொள்ள வந்திருப்பாள் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. அம்மா வேலைக்குப் போன நாளில் உனக்கு இடுப்புத் துணி கட்டியது யார் என்று உனக்கு ஞாபகம் இருக்க நியாயமில்லை. எனக்கு அப்போது பதினோரு வயது.

வலி எடுத்தவுடன் ஆஸ்பத்திரிக்குப் போய்விடு, பொறுத்துப் பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதே. மாப்பிள்ளையைக் கூடவே இருக்கச் சொல். பிள்ளை பிறந்ததும், ஆணா பெண்ணா என்று ஒரு வரி எழுதிப் போடு. குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு போன் பண்ண வேண்டாம்.

டப்பாவைத் தூக்கி எறிந்துவிடாதே. அதில் அடியில் பெரிய பித்தளைப் பின் நான்கு இருக்கும், பழசு, வளையாது. பிள்ளைக்குத் துணி கட்ட அதை வைத்துக்கொள். குத்தும்போது பின்னுக்கும் பிள்ளையின் வயிற்றுக்கும் நடுவில் உன் விரலை வைத்துக்கொள். வழுக்கினால் உன் விரலைக் குத்தட்டும். பிள்ளைக்குத் தெரியவே தெரியாது.

நன்றாக இரு.

உன் அக்கா