இடப்பக்கம் மந்தம்

ஜூன் 3, செவ்வாய்

இன்று மானம் கப்பலேறியது.

மருத்துவரும் நோயாளியும் பேசிய ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்வது என் வேலை. பத்தொன்பது வருடம். அலுவலகத்தில் என்னைப் 'பாம்புச் செவி' என்பார்கள். அந்தப் பாம்புதான் நேற்று "விழுங்கும்போது தொடையில் வலி" என்று அடித்து அனுப்பியிருக்கிறது. தொண்டை! எங்கள் சரிபார்ப்பாளர் எந்தத் தப்பையும் விடமாட்டார் என்பதால் அவருக்கு நான் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. எல்லார் முன்னாலும் வாசித்தார். "ஏம்மா, இவர் எதை முழுங்கினாரு? அது எந்த வழியா போச்சு?" சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

சிரிக்கிற விஷயமில்லை. போன வாரம்தான் முழங்காலை முழங்கையாக்கி ஒரு பெரியவரைக் கையால் நடக்க வைத்தேன். மூன்றாவது தப்பு வந்தால் கேட்கிற வேலையிலிருந்து தூக்கி வரவேற்பு மேசையில் போட்டுவிடுவார்கள். எனக்கு இந்த வேலை பிடிக்கும். இதைவிட்டால் வேறு எதுவும் தெரியாது.

குற்றவாளி யாரென்று தெரியும். புது ஒலிப்பதிவுக் கருவி வந்ததிலிருந்து மருத்துவர் குரல் இடப்பக்கம், நோயாளி குரல் வலப்பக்கம். நோயாளிகள் கணீரென்று பேசுகிறார்கள். மருத்துவர்கள் அத்தனை பேரும் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறார்கள். அலுவலக ஹெட்போனில் இடப்பக்கம் செத்துவிட்டது, அவ்வளவுதான். சொந்தமாக ஒன்று வாங்கப்போகிறேன்.

ஜூன் 5, வியாழன்

முதல் வேட்பாளர்: காதுக்குள் செருகும் குட்டி. பிடிக்காவிட்டால் பத்து நாளுக்குள் திருப்பித் தரலாமாம்.

சத்தம்: நோயாளி என் மடியில் உட்கார்ந்து இருமுகிறார். மருத்துவர் அடுத்த தெருவிலிருந்து மருந்து எழுதுகிறார்.

சுகம்: குனிந்தால் கழன்று விழுகிறது. மேசைக்கடியில் உருண்டதை நான்கு பேர் தவழ்ந்து தேடினோம்.

விலை: பட்டாணி அளவு பொருளுக்கு இது பகல் கொள்ளை.

தீர்ப்பு: இடப்பக்கம் மந்தம். திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஜூன் 7, சனி

இரண்டாவது, கரடி. காது முழுவதையும் மூடும், மெத்துமெத்தென்று இருக்கும், பத்து நிமிடத்தில் வியர்த்துக் கொட்டும். போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் எதிரே வந்து நின்று, "விமானம் எத்தனை மணிக்குக் கிளம்புது?" என்றார். இவருக்கு வேறு வேலை இல்லை.

வெளிச்சத்தம் துளியும் இல்லை. அதற்காகவே கட்டிக்கொண்டு தூங்கலாம். ஆனால் கரடிக்கும் இடப்பக்கம் மந்தம். ஒரே கடையில் வாங்கினால் ஒரே வியாதிதான் இருக்கும்.

ஜூன் 9, திங்கள்

வேறு கடை. மடக்கிப் பைக்குள் போடுகிற மூன்றாவது ஹெட்போன். எடை தெரியவில்லை, தலையை அழுத்தவில்லை, விலையும் நியாயம். ஆசையோடு போட்டேன். மந்தம்.

கடைக்காரப் பையனிடமே கொடுத்துக் கேட்கச் சொன்னேன். "அக்கா, ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் இருக்கு." இந்த வயதிலேயே இவனுக்குக் காது போய்விட்டதே என்று பரிதாபமாக இருந்தது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

ஒரு யோசனை. ஹெட்போனை இடவலம் மாற்றிப் போட்டேன். மருத்துவர் கணீரென்று பேசினார்! குதிக்காத குறை. அடுத்த நிமிடம் பார்த்தால் நோயாளி முணுமுணுக்கிறார். நேற்று வாங்கிய பொருள், இன்றைக்கு வலப்பக்கமும் போய்விட்டது. என்ன உலகம் இது.

ஜூன் 11, புதன்

வீட்டுக்காரரை உட்காரவைத்து மூன்றையும் மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு பெரிய வித்வான் மாதிரித் தலையாட்டினார். "மூணும் நல்லாத்தான் கேக்குது. ரெண்டு பக்கமும்."

"உங்களுக்கு எதுதான் நல்லா இல்ல?" என்று பிடுங்கிக்கொண்டேன்.

ஜூன் 12, வியாழன்

கரடியையும் குட்டியையும்கூட மாற்றிப் போட்டேன். எந்தப் பக்கத்தைப் போட்டாலும் என் இடது காதில்தான்— வேண்டாம். எழுத மாட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

எழுதித்தான் ஆகணும். ஹெட்போன்ல ஒண்ணுமில்ல. என் காதுலதான்.

எனக்கா? கண்ணு போயிருந்தா ஒரு கண்ணாடிய மாட்டிக்கிட்டு வேலையப் பாத்திருப்பேன். காது போனா நான் என்ன பண்ணுவேன்? பாம்புச் செவியாம், பாம்புச் செவி. பயமா இருக்கு. யார்கிட்ட சொல்றது? டிவி சத்தத்தக் குறைங்க, காது போயிடும்னு இவரத் தினமும் திட்டினவ நான். எந்த முகத்தோட இவர்கிட்டப் போய்ச் சொல்றது?

குட்டியையும் கரடியையும் கடையில் கொடுத்துவிட்டேன். என்ன குறை என்று கேட்டார்கள். ஒரு குறையும் இல்லை என்றேன்.

ஜூன் 16, திங்கள்

யாரிடமும் சொல்லாமல் காது மருத்துவரிடம் போனேன். கண்ணாடிக் கதவு வைத்த சின்ன அறையில் உட்காரவைத்து ஒரு ஹெட்போனை மாட்டினார்கள். பழக்கதோஷம், மதிப்பெண் போட்டேன். சுகம்: பரவாயில்லை, கொஞ்சம் இறுக்கம். விலை: கேட்கவில்லை. சத்தம்: வலப்பக்கம் கீச்சுக்கீச்சென்று எத்தனையோ. இடப்பக்கம் வெகுநேரம் எதுவுமே இல்லை. கேட்டால் அழுத்துங்கள் என்று கையில் ஒரு பொத்தான் கொடுத்திருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இடது காதில் நரம்புக் கோளாறு. ஒன்றரை, இரண்டு வருடமாகவே இருந்திருக்குமாம். போனது திரும்பாது. கருவி வைத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். "இந்தக் காதோட எப்படிம்மா இந்த வேலை பாத்தீங்க?" என்றார். அவர் நேருக்கு நேர் இருந்து பேசினார், ஒரு சொல் விடாமல் கேட்டது. படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

மறைத்தால் எத்தனை நாள் மறைப்பேன்? அடுத்த தப்பு மருந்தின் அளவில் வந்தால்? நேரே பூதக்கண்ணாடியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். வரவேற்பு மேசைக்கு எப்போது போகவேண்டும் என்றும் கேட்டேன்.

அவர் எழுந்து வந்து என் கணினியில் எதையோ தேடினார். திரையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் 'டிக்' போட்டார். "இனிமே ரெண்டு குரலும் ரெண்டு பக்கமும் வரும். இத அன்னைக்கே போட்டிருக்கணும், யாருக்கும் தோணல."

போகும்போது திரும்பாமலே சொன்னார்: "மூணாவது தப்பு வெள்ளிக்கிழமையே வந்துச்சு. திருத்திட்டேன். கணக்குல எழுதல."

இந்த மனிதருக்கா நான் அப்படிப் பெயர் வைத்தேன்?

ஜூன் 20, வெள்ளி

நான்கு நாளாக ஒரு தப்பும் இல்லை. மடக்கு ஹெட்போனுக்கே முதல் பரிசு.

ஜூன் 30, திங்கள்

சனிக்கிழமை கருவி வைத்தார்கள். கூந்தலை இறக்கி மறைத்திருக்கிறேன். ஊருக்குப் போயிருந்த வீட்டுக்காரர் நேற்றிரவுதான் திரும்பினார், இன்று காலைவரை அவருக்குத் தெரியாது. என் செருப்பு இவ்வளவு சத்தம் போடும் என்று எனக்கே தெரியாது.

இன்று காலை மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எப்போதும் போல இவர் என் இடப்பக்கம். தட்டைப் பார்த்தபடி, தனக்குத்தானே, "இன்னைக்காவது பேசுவாளா?" என்றார்.

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. "என்ன சொன்னீங்க?" என்றேன்.

தூக்கிவாரிப்போட்டது இவருக்கு. "கேட்டுச்சா?"

மெல்ல மெல்லத்தான் வெளியே வந்தது. "எதிர்ல நின்னு பேசினா பதில் சொல்ற. சாப்பிட உக்காந்தா மட்டும் ஒரு வருஷமா ஊமையாயிடுற. நானும் தினமும் ஏதாவது சொல்லிப் பாக்கிறேன். என் மேல என்ன கோபம்னு கேக்கப் பயம். அதான், உனக்கு எரிச்சலாகக் கூடாதேன்னு பாத்திரத்தையெல்லாம் நானே கழுவிட்டு..."

அடப்பாவமே. இவர் தானாகவே திருந்திவிட்டார் என்று நான் ஊர் முழுக்கப் பீற்றிக்கொண்டிருக்கிறேன்! சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பிலேயே அழுகையும் வந்துவிட்டது. ஒரு வருடமாக இந்த மனிதர் என்னென்ன சொல்லியிருப்பார்? கூந்தலை ஒதுக்கிக் காட்டி, ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கருவியை ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்தார். "கோபம் இல்லையா அப்போ?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் இல்லை என்றேன்.

பிறகு வெகு நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "அப்போ இன்னையிலேர்ந்து பாத்திரம்..." என்று ஆரம்பித்தார்.

"என்னது? கேக்கல," என்றேன்.