பூச்சட்டி எழுத்தில் உங்கள் பெயர்

மதினி,

பூச்சட்டிப் பட்டாசுப் பெட்டிக்கு அடித்த முதல் லேபிள் தாள் இப்போதுதான் என் மேசைக்கு வந்தது. மை வாசனை இன்னும் போகவில்லை. நடுவே அதே குண்டெழுத்து. கூர் முனை ஒன்றும் இல்லாமல், வயிறாரச் சாப்பிட்ட பிள்ளை மாதிரி கொழுகொழுவென்று உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் இருந்திருந்தால் தாளைப் பிடுங்கிக்கொண்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிருப்பீர்கள்.

நம் அச்சகத்தில் எந்த லேபிளும் அப்படித்தான் தேறியது. அண்ணன் ஆர்டர் பிடிப்பார், நான் கம்ப்யூட்டரில் எழுத்தை அமைப்பேன், நீங்கள் எதிர்க்கடை வாசலில் நின்று வாசித்துப் பார்ப்பீர்கள். தடிப்புக் கூடி 'ண'வின் சுழிகள் அடைத்துக்கொண்டால், "எழுத்துக்கு மூச்சு முட்டுது தம்பி, கொஞ்சம் வெளிச்சம் விடுங்க" என்பீர்கள். ஒருமுறை மெல்லிய, கூரான எழுத்தில் அமைத்துக் காட்டினேன். அழகாகத்தான் இருக்கிறது, பஸ்ஸில் போகிறவன் இறங்கி வந்து வாசிக்கட்டும் என்று கேலி செய்தீர்கள். குண்டெழுத்து சத்தமாகப் பேசும், ஆனால் அதட்டாது. பிள்ளைகள் கொளுத்தும் சாமானுக்கெல்லாம் அதையே கேட்டீர்கள்.

நீங்கள் போன அன்று காலையில் அஞ்சலிப் போஸ்டரை நான்தான் அமைத்தேன். கை தானாகவே உங்கள் பெயரைக் குண்டெழுத்தில் போட்டது. அண்ணன் பார்த்துவிட்டு, "துக்கத்துக்குப் பூச்சட்டி எழுத்தா போடுவாக? ஊரு சிரிக்கும்லே" என்றார். அழுதுகொண்டிருந்தவரிடம் வாதாட முடியவில்லை என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். அது பாதி உண்மை. ஊர் சிரிக்குமே என்ற கூச்சம் எனக்கும் இருந்தது. பெயரை மெல்லிய எழுத்துக்கு மாற்றினேன். ரோட்டைத் தாண்டிப் போய் வாசித்துப் பார்க்கவும் இல்லை.

இருக்கன்குடி கோயிலுக்கு வருஷா வருஷம் உங்களோடு வரும் வெம்பக்கோட்டை அக்காவின் நம்பர் உங்கள் போனில்தான் இருந்தது. அதைத் திறக்க எங்களில் யாருக்கும் தெரியவில்லை. நீங்கள் போன அன்று அவர் சாமான் வாங்க நம் சிவகாசிக்குத்தான் வந்திருக்கிறார். வழியில் போஸ்டரைப் பார்த்தும் இருக்கிறார். பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்த பிறகு, விஷயம் தெரிந்து ஓடி வந்தார்.

"மொகம் தெரிஞ்ச மொகமாத்தான் இருந்துச்சு. பேரை வாசிக்கிறதுக்குள்ள பஸ்ஸு தாண்டிருச்சு. நம்ம ஆளா இருக்காதுன்னு போயிட்டேன். கொஞ்சம் பளிச்சுனு போட்டிருக்கக் கூடாதா தம்பி?"

அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் கடைத்தெருவில் நின்ற நேரத்தில்தான் உங்களைத் தூக்கிக்கொண்டு போனோம்.

இப்போதெல்லாம் யார் வீட்டு அஞ்சலிப் போஸ்டர் வந்தாலும், ரோட்டைத் தாண்டாமல் நான் அச்சுக்கு விடுவதில்லை. நாளை உங்கள் வருஷ நினைவுப் போஸ்டர் போகிறது. பெயரைக் குண்டெழுத்தில், கறுப்பில் போட்டிருக்கிறேன். அண்ணன் பார்த்துவிட்டு, பசை டப்பாவை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். தாளை வாசலில் ஒட்டிவிட்டு எதிர்க்கடைப் பக்கம் போய் நின்றேன். நடுவே ஒரு லோடு லாரி போனது, பிறகு ஒரு பஸ். இரண்டுக்கும் இடையில் உங்கள் பெயரை முழுதாக வாசித்துவிட்டேன். பஸ்ஸில் வந்தால் அந்த அக்காவுக்கும் தெரியும், மதினி. இனித் தெரிந்து என்ன செய்ய?