செங்கோட்டையில் இறங்கிய மூட்டை

மதினி,

இன்று காலை ரேஷன் அரிசியைப் பையிலிருந்து டப்பாவுக்கு மாற்றும்போது மறுபடியும் அதையே செய்தேன். முழங்கை வரை கையை விட்டு, அடிவரைக்கும் துழாவினேன். அந்த மக்கல் வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. மருமகள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்னத்தத் தேடுதீங்க அத்த?"

"வண்டு கிண்டு இருக்கான்னு பாக்கேன்."

வண்டும் இல்லை, ஒன்றும் இல்லை. அரிசியைக் கண்டால் நான் இப்படித் துழாவுவது ஏன் என்று உனக்கு மட்டும்தான் தெரியும். நீ போய் ஒரு மாதம் ஆகிறது. இப்போது அது தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதுவே எனக்குப் புதுப் பயமாக இருக்கிறது.

சீவலப்பேரியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி உன் வீடு. ரத்த உறவு எதுவும் இல்லை, தெரு உறவில் மதினி, வாய் நிறையக் கூப்பிடுவது மைனி. தொண்ணூறுகளின் நடுவில், நடவும் அறுப்பும் இல்லாத மாதங்களில், வயல்வேலைக்குப் போகிற பெண்களில் சிலர் ரயில் ஏறினோம். தெருவில் ரேஷன் அரிசி வேண்டாம் என்பவர்களிடம் அதை வாங்கிச் சேர்த்து, ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ மூட்டையாகக் கட்டி, டவுன் பஸ்ஸில் ஜங்ஷனுக்கு வந்து, கொல்லம் பாசஞ்சரைப் பிடிப்போம். மலையைத் தாண்டிப் பக்கத்து மாநிலத்தில், ஆரியங்காவில் இறங்கினால் கடைக்காரர்கள் கை நீட்டி வாங்கிக்கொள்வார்கள். தப்பான காரியம்தான். பிடித்தால் வழக்கு. தெரிந்துதான் போனோம்.

என் வீட்டுக்காரர் லாரியில் கிளீனராகப் போனவர், போனவர்தான். இரண்டு பிள்ளைகளையும் என்னையும் இந்த அரிசிதான் ஓட்டியது. ஆனாலும் நான் போன ஒவ்வொரு தடவையும் நடுங்கிக்கொண்டேதான் போனேன். சேரன்மகாதேவி வரும்போது வாய் வறண்டுவிடும். தென்காசி தாண்டி மலை தெரிந்ததும் கை வியர்க்கும். நீ முறுக்கைக் கடித்துக்கொண்டு என்னைக் கேலி செய்வாய்.

"ஏட்டி, ஒன் மூஞ்சியப் பாத்தாலே போதும், அரிசி எங்கன இருக்குன்னு கண்டுபிடிச்சிருவான்."

ஒருநாள் உன்னிடம் கேட்டேன். ஒரே அரிசி, மலைக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் இரண்டு மடங்கு விலை, இது எப்படி மைனி என்று. அந்தப் பக்கம் நெல் விளைச்சல் குறைவு, அதனால் விலை அதிகம் என்று சொல்வாய் என நினைத்தேன். நீ ஜன்னல் வழியே மலையைப் பார்த்துவிட்டுச் சொன்னாய்:

"வெளைச்சல் கொறைவுதான். அதுக்கு ஒரு ரூவா கூட குடுப்பான். மிச்சத்த எதுக்குக் குடுக்கான்? நாம பயப்படுதோம்லா, அதுக்குத்தான் குடுக்கான். பயப்பட ஆள் இல்லன்னா யாருட்டி நமக்கு இந்த வெல தருவா?"

அது உண்மை என்று போகப் போகப் புரிந்தது. கெடுபிடி கூடிய வாரங்களில் பாதிப் பேர் வரமாட்டார்கள். ஆரியங்காவில் விலை ஏறும். சோதனையே இல்லாத வாரங்களில் எல்லோரும் மூட்டையோடு வந்து இறங்குவார்கள். கடைக்காரன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அதனால் சோதனைக்காரர்கள் வரவும் வேண்டும், நம் பெட்டியில் ஏறவும் கூடாது என்று வேண்டிக்கொண்டோம். சாமிக்கே குழம்பியிருக்கும்.

நமக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. மூட்டையை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, தள்ளிப் போய் வேறு இடத்தில் உட்கார வேண்டும். சோதனைக்காரர் "யாரு மூட்ட இது?" என்று கேட்டால் யாரும் வாய் திறக்கக் கூடாது. அரிசி போகும், ஆள் தப்பும். ஆளில்லாத மூட்டையைப் போர்ட்டரை வைத்து இறக்கி, ஸ்டேஷனில் அவர்கள் அறைக்குக் கொண்டுபோய், தரையில் கொட்டி எடை போடுவார்கள். தெரியாத்தனமாக யாராவது "என்னுது" என்று சொல்லிவிட்டால் அவளே மூட்டையைச் சுமந்துகொண்டு அவர்கள் பின்னால் நடக்க வேண்டும்.

அந்த ஐப்பசியில் விடாத மழை. என் வீட்டுக் கூரை நாலு இடத்தில் ஒழுகியது. நனையக் கூடாத எதையும் அரிசிக்குள் புதைத்து வைப்பதுதானே நம் வழக்கம்? கம்மல், பிள்ளைகளின் பள்ளிச் சான்று, எல்லாம் அரிசிப் பானைக்குள்தான் கிடக்கும். அன்றைக்குப் பானைக்கு மேலேயும் சொட்டியது. ஓரமாக, பாலிதீன் விரித்து வைத்திருந்த மூட்டை ஒன்றுதான் நனையாமல் இருந்தது. ரேஷன் கார்டை அதற்குள் செருகினேன். காலையில் அவசரத்தில் அப்படியே வாய் கட்டித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தென்காசி தாண்டியதும் ஜன்னலில் சாரல் அடித்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. உன் காதோடு சொன்னேன். சத்துணவுக் கூடத்தில் வேலைக்கு எழுதிப் போட்டிருந்த நேரம் அது. ஊரில் விசாரித்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்த மூட்டையைக் கொட்டினால் என் பேர், பிள்ளைகள் பேர், தெருப் பேர் எல்லாம் அரிசிக்கு மேலே வந்து விழும். வழக்கு வந்தால் வேலை போச்சு.

"இப்ப அவுக்காத. எல்லாரும் பாப்பாவ. பைய எறங்குறப்ப பாத்துக்கிடலாம்" என்றாய்.

செங்கோட்டையில் மலையேற்றத்துக்காகப் பின்னாலும் ஒரு இன்ஜின் மாட்டுவார்கள். வண்டி வெகுநேரம் நிற்கும். அன்றைக்கு அங்கே சோதனைக்காரர்கள் மூன்று பேர் ஏறினார்கள். பெண்கள் எல்லோரும் எழுந்து கலைந்தோம். நான் கதவோரம் போய் நின்றேன்.

ஒருவர் குனிந்து என் மூட்டையை வெளியே இழுத்தார். அரிசியைக் குத்தி எடுத்துப் பார்க்கிற இரும்புக் குழாய் அவர் கையில் இருந்தது. சாக்கில் குத்தினார். கார்டில் படப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் உள்ளங்கையில் அரிசி மட்டும் இருந்தது.

"யாரு மூட்ட இது?"

யாரும் பேசவில்லை. மறுபடியும் கேட்டார். போர்ட்டரைக் கூப்பிட்டார். போர்ட்டர் மூட்டையின் காதைப் பிடித்தார்.

"எம் மூட்டதான்யா" என்றாய் நீ.

பெட்டியே உன்னைத் திரும்பிப் பார்த்தது. உன் மூட்டை இரண்டு இருக்கை தள்ளிப் பத்திரமாகக் கிடந்தது. அதை யாரும் பார்க்கவே இல்லை. அவர் சிரித்துவிட்டு, "அப்ப தூக்கிக்கிட்டு வா" என்றார்.

நீ தலையில் வைத்துக்கொண்டு இறங்கினாய். பிளாட்பாரத்தில் மழையில் அவர்களுக்குப் பின்னால் நடந்தாய். மூட்டை சரியாமல் பிடிக்கிறவள் போல ஒரு கை மேலே போயிருந்தது. அந்தக் கையின் விரல்கள் கயிற்று முடிச்சை நெருடுவது எனக்கு ஜன்னலிலிருந்து தெரிந்தது. முடிச்சு அவிழ்ந்ததா, கை உள்ளே போனதா என்று பார்ப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

குகைக்குள் வண்டி நுழைந்து இருட்டியபோது நான் எதற்காகப் பயந்தேன் என்று சொல்கிறேன். இத்தனை வருடமாக உன்னிடம் சொல்லாதது இதுதான். உனக்கு என்ன ஆகுமோ என்று நான் பயப்படவில்லை மதினி. அவர்கள் மிரட்டினால் நீ என் பேரைச் சொல்லிவிடுவாயோ என்றுதான் பயந்தேன். ஆரியங்காவில் உன் மூட்டையை நான்தான் விற்றேன். கெடுபிடி என்ற செய்தி அதற்குள் வந்துவிட்டதால் அன்றைக்கு நல்ல விலை.

மூன்றாம் நாள் நீ வீடு திரும்பினாய். தெருவில் உன் மாமியார் மண்ணை வாரித் தூற்றிக்கொண்டிருந்தார். நீ நேரே என் வீட்டுக்கு வந்து, மடியிலிருந்து கார்டை எடுத்து நீட்டினாய். பக்கங்களுக்கு நடுவே தவிடு ஒட்டியிருந்தது. நான் அழுதேன். உனக்கு அழுகை பிடிக்காது.

"எதுக்கு அழுவுத? கணக்காத்தான் பண்ணுனேன். எனக்கு வேல வரப்போவுதா? ஒனக்கு வருது. போறதுல எது வெல கூடன்னு பாத்தேன், அவ்வளவுதான்."

அதோடு உனக்கு ரயில் முடிந்தது. சோதனைக்காரர்களுக்கு உன் முகம் பழகிவிட்டது. எனக்குத் தை மாதம் வேலை உத்தரவு வந்தது. நீ வயல் வேலைக்கே போனாய்; முதுகு கூனும்வரை போனாய். நான் நிழலில் நின்று சர்க்கார் அரிசியை வடித்துப் பிள்ளைகளுக்குப் போட்டேன். தெருவில் உன்னை "அரிசி கடத்துனவ" என்று சொன்னபோதெல்லாம் நான் அங்கேதான் இருந்தேன். ஒருமுறைகூட வாய் திறக்கவில்லை. ரயிலில் வைத்த கட்டுப்பாட்டை ஊரிலும் காப்பாற்றினேன் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். பயம்தான், வேறொன்றும் இல்லை. ஓய்வு பெறும்வரை வேலை போய்விடும் என்ற பயம். ஓய்வு பெற்ற பிறகு எதற்கென்று தெரியாத பயம்.

போன மாதம் உன்னை வாசலில் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் வாய்க்கரிசி போடும் முறை வந்தது. உன் மகள் தாம்பாளத்தை என் முன்னே நீட்டினாள். ரேஷன் அரிசி. அதே வாடை. என் கை என்னைக் கேட்காமல் தட்டின் அடிவரை போய்த் துழாவியது. பின்னால் நின்றவள், "சீக்கிரம் போடுக்கா" என்றாள்.

குனிந்து உன் வாயருகே அரிசியை விட்டேன். யாருக்கும் கேட்காதபடி உன் காதோரம் சொன்னேன்: "அது எம் மூட்ட, மைனி."

சொல்லிவிட்டு நிமிர்ந்ததும், யாராவது கேட்டுவிட்டார்களோ என்று சுற்றிலும் பார்த்தேன்.