சாட்சி சொன்ன மூன்றாம் நாள்

பிரியமுள்ள மகள் சாலோமிக்கு அப்பா எழுதுவது. மஸ்கட்டில் நீயும் மருமகனும் நல்ல சுகத்தோடிருக்க ஆண்டவர் துணையிருப்பாராக. இங்கே நானும் அம்மாவும் சுகம். உன் தம்பி கிங்ஸ்லியும் சுகம் என்று எழுத இன்னும் மனம் வரவில்லை. இது என் சொந்தக் கையெழுத்து, பக்கத்து வீட்டில் யாரும் எழுதித் தரவில்லை. சாயங்கால வகுப்புக்குப் போன எட்டு மாதத்தில் இவ்வளவு வந்திருக்கிறது. ஒரு வரி முடிக்க ஒரு வெற்றிலை போடும் நேரம் ஆகிறது, ஆனாலும் எனக்குப் பிடிபடாத சந்தோஷம். எழுத வேண்டிய சங்கதிதான் அருவருப்பு. போனில் சொன்னால் நீ அழுவாய், நான் கத்துவேன்.

கங்கைகொண்டான் கம்பெனியில் மூட்டை தூக்கி கிங்ஸ்லிக்கு இடுப்பு பிடித்ததும், டாக்டர் சீட்டு இல்லாமலே ஒரு மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கித் தின்றதும் உனக்குத் தெரியும். ஒரு வருஷத்தில் அது நாளைக்குப் பத்தாகிவிட்டது. கொடுத்த கடைக்காரனை நினைத்தாலே காறித் துப்பத் தோன்றுகிறது. சபையார் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகைக்குள் விடாவிட்டால் என்னோடு பேசாதே என்று நீ சொன்னாய், நம்ம கோயில் உபதேசியாரும் நெருக்கினார், நான் மிச்சமிருந்த மாத்திரை அட்டைகளைப் பிடுங்கி ஆற்றில் எறிந்தேன். அசனத்தன்று அவன் சபையில் எழுந்து, மாத்திரையை விட்டுவிட்டேன் என்று சாட்சி சொன்னான். எல்லாரையும் விடப் பலமாகக் கை தட்டியவன் நான். அதை நினைத்தால் என் மேலேயே எனக்குக் குமட்டுகிறது.

மறுநாளே ஓயாத கொட்டாவி, மூக்கில் தண்ணீர், உடம்பெல்லாம் புல்லரிப்பு. மூன்றாம் நாள் வாந்தியும் பேதியும், கால் இரண்டும் சும்மா கிடக்காமல் சுவரை உதைத்தன. வீட்டுக்குள் நிற்க முடியாத நாற்றம். ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா என்று அழுதான். சாட்சி சொல்லிட்டு இப்ப அங்க போய் நின்னா ஊரு சிரிக்கும்லே, பேசாம கெட என்றேன் நான். உபதேசியார் வாசலோடு நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு, பிசாசு போவுது அண்ணாச்சி, நல்லா போவட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். உன் அம்மாதான், உம்ம சாட்சிய நீரே வச்சுக்கிடும், எனக்கு எம் புள்ள வேணும் என்று ஆட்டோ கொண்டுவந்தாள்.

பாளையங்கோட்டை ஆசுபத்திரியில் டாக்டரம்மா கேட்டதெல்லாம் என்ன மாத்திரை, எத்தனை, எவ்வளவு நாளாக, கடைசியாக எப்போது என்பதுதான். இது பிசாசும் இல்ல, நடிப்பும் இல்ல பெரியவரே என்றார். பழகிய உடம்பு கேட்கிறதாம். நிறைய நாள், நிறைய மாத்திரை தின்று, படிப்படியாகக் குறைக்காமல் ஒரே நாளில் நிறுத்தினால் இப்படித்தான் புரட்டுமாம். சீக்கிரம் வேகம் இறங்கும் மாத்திரை என்றால் தொல்லையும் சீக்கிரம் வருமாம். தூக்கம் இல்லாமல், சாப்பாடு இல்லாமல், பயத்தோடு கிடந்தால் இன்னும் கூடுமாம். ஒருவனுக்குச் சளிக்காய்ச்சல் போலப் போய்விடும், இன்னொருவனைக் கீழே தள்ளும், அதில் விசுவாசத்துக்கு என்ன வேலை என்றார். இப்போது பழைய மாத்திரைக்குப் பதிலாக நாக்குக்கு அடியில் வைக்கும் வேறு மாத்திரை கொடுக்கிறார்கள். அதைப் பைய, மாதக்கணக்கில் குறைப்பார்களாம்.

போன ஞாயிறு நீ போனில் கிங்ஸ்லியிடம், இன்னுமா மாத்திரை, சபையில சொன்னது பொய்யா லே என்று கேட்டாய். போனை வைத்ததும் அவன் சட்டையை மாட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போகப் பஸ் ஏறப் போனான். பின்னால் ஓடி, பஸ் ஸ்டாப்பில் அவன் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உடம்பு பழக்கம் விட்ட பிறகு பழையபடி பத்தைத் தின்றால் மூச்சே நின்றுவிடலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். உனக்கு இது தெரியாது, அதனால் உன்மேல் கோபமில்லை. உபதேசியார் மறுபடியும் சாட்சி கேட்டார். இனி எம் மவன் வாயத் தொறந்தா சோறு திங்கத்தான் வே என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இப்போது கிங்ஸ்லி வந்து, என்ன எழுதுறீங்க என்றான். எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டினேன். யக்காவுக்குப் பேதி கதையெல்லாம் எதுக்கு, இன்னைக்கு நாலு இட்லி தின்னேன், அத எழுதுங்க என்றான். எழுதிவிட்டேன்.

கர்த்தர் உன் வீட்டையும் உன் கைவேலையையும் ஆசீர்வதிப்பார். வெயிலில் அலையாதே. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் போடு. மாத்திரையைப் பற்றிக் கேட்காதே அம்மா, இட்லியைப் பற்றிக் கேள்.

உன் அப்பா,
தே. தேவதாசன்
சீவலப்பேரி