உயிரோடு இருந்தவர்களுக்குப் போட்ட இலை

மாரியப்பன் கொட்டாய்,
பென்னாகரம் வழி.
கார்த்திகை 9

மதிப்புக்குரிய அண்ணன் முருகேஷுக்கு, தங்கை பானுமதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பாவைத் தவிர எல்லோரும் நலம். புனேயில் நீயும் அண்ணியும் சுகந்தானே? உன் மகள் பிரியதர்ஷினிக்கு எட்டாம் மாதம் தொடங்கியிருக்கும். கால் வீக்கம் வற்றியதா என்று எழுதச் சொல்.

போன் இருக்கும்போது எதற்குக் கூரியர் என்று நினைப்பாய். போனில் நீ கத்துகிறாய், பதிலுக்கு நானும் கத்துகிறேன், விஷயம் பாதியிலேயே நின்றுபோகிறது. காகிதத்தை உன்னால் கட் பண்ண முடியாது. முழுக்கப் படி.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஒரு பெரியவரும், அவர் கையைப் பிடித்தபடி வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தியும் இறங்கினார்கள். காவேரிக்கு அந்தப் பக்கம், கொள்ளேகாலத்திலிருந்து வருகிறார்களாம். அவள் அவருடைய பேத்தி. தன் பேர் கிருஷ்ணப்பன் என்றார். தை அறுவடை முடிந்ததும் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் வைத்து, கிணற்றுமேட்டில் ஐந்து இலை போட்டு நீ கூப்பிடுகிற பேர் அல்லவா அது? கிருஷ்ணப்பா, உங்கப்பன் ஆத்தா, கூடப் பொறந்தவங்களோட வந்து சாப்புட்டுப் போ என்று சொல்லித்தானே கூப்பிடுவாய்? நமக்கு முன்னால் இந்த மண்ணில் இருந்தவர்கள், காலராவில் குடும்பத்தோடு செத்துப்போனவர்கள் என்றுதானே நம்மை வளர்த்தார்கள்?

அந்தச் செத்த மனுஷர் என் முன்னால் நின்று குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

அப்பா அவரைப் பார்த்ததும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கன்னடத்தில் பேச ஆரம்பித்தார். எனக்கு ஐம்பத்திரண்டு வயதாகிறது, அப்பா வாயிலிருந்து ஒரு வார்த்தை கன்னடம் நான் கேட்டதில்லை. தடங்கலே இல்லாமல் பேசினார் அண்ணா. இரண்டு பேரும் பத்து வயதில் ஒன்றாக மாடு மேய்த்தவர்களாம். பேசப் பேச அப்பா அழுதார். வந்தவர் அழவில்லை.

பிறகு அப்பாவே என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார். தாத்தா இண்டூர்ப் பக்கத்திலிருந்து காடு வெட்டிப் பிழைக்க இங்கே வந்தபோது கிணறும் குடிசையும் மாட்டுப்பட்டியும் அவர்களுடையது. நமக்குச் சோறு போட்டதே அவர்கள்தானாம். மழை பொய்த்த ஒரு வருஷம் அவர்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு ஆற்றைத் தாண்டிப் போனார்கள். ஐப்பசியில் திரும்பி வந்தபோது குடிசை இல்லை, சுற்றிலும் முள்வேலி. தாத்தா ஆட்களோடு தடியை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவர்கள் திரும்பிப் போனதும், கேட்கிறவர்களிடமெல்லாம் அக்கரையில் காலராவில் செத்துவிட்டார்கள் என்று சொன்னார். ஊர் நம்ப வேண்டுமே? அதற்காகத்தான் முதல் வருஷம் ஐந்து இலை போட்டாராம். நாம் பக்தியோடு செய்துவந்தது அந்தப் பொய்க்குச் சாட்சி. அந்த முள்ள வெட்டிக் குடுத்ததே நான்தாம்மா என்று அப்பா சொன்னார். தாத்தா செத்த பிறகாவது ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன். நிறுத்தினால் ஏன் என்று ஊர் கேட்குமே என்றார்.

நீ நினைப்பதுபோல் அவர் நிலத்துக்கு வரவில்லை. மாடு வாங்க இந்தப் பக்கம் வந்த அவர் மருமகனிடம் நம் ஊர்க்காரர் யாரோ இந்த இலை போடுகிற வழக்கத்தைப் பேரோடு சொல்லியிருக்கிறார்கள். கிருஷ்ணப்பனுக்குப் பிறந்த ஐந்து பிள்ளைகளில் இரண்டு வயதைத் தாண்டியது ஒரே ஒரு மகள். அந்த மகள் பெற்றதில் மிஞ்சியது இந்தப் பேத்தி மட்டும். இவளுக்கும் முதல் பிள்ளை தங்கவில்லை, இப்போது ஏழு மாதம். உசுரோட இருக்கற எங்களுக்கு வருசா வருசம் சாவுச்சோறு வெச்சா எங்க வூட்ல புள்ள எப்படிங்க தங்கும் என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

இலை போட்ட கை அவர்களோடு ஒரே தட்டில் களி பிட்டுத் தின்ன வேண்டும், நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள், நாங்கள் சொன்னது பொய் என்று ஊர் காதில் விழச் சொல்ல வேண்டும். அவர் கேட்பது இவ்வளவுதான். போனில் உன்னிடம் பாதி சொல்வதற்குள், நெலத்த மறுபடி அளக்கற ரீசர்வே நடக்குது, அவனுங்கள வாசப்படி ஏத்தாத என்றாய். இந்தப் பத்து வருஷமாகத் தையில் ஊருக்கு வந்து இலை போடுகிறவன் நீதானே, அண்ணா?

அந்தப் பெண் நம் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கிணற்றை எட்டி நின்று பார்த்துவிட்டு, வயிற்றின்மேல் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். அதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. வயலில் நிற்கும்போது, எங்கேயோ யாரோ என் பேரைச் சொல்லி எனக்கும் இலை போட்டுவைத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. அப்பா மத்தியானத் தூக்கத்தில் கன்னடத்தில் யாரையோ கூப்பிடுகிறார். எனக்குப் பிறந்து தங்காமல் போன இரண்டையும் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதக் கூடாது என்று இருந்தேன்.

வரும் திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை அவர்களை வரச் சொல்லியிருக்கிறேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன், திட்டிக்கொள். களி நான் கிண்டுவேன். அப்பா நாற்காலியில் உட்காருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். நீ ரயிலேறி வந்துவிடு. நிலம் போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கும் மனசு வரவில்லை, நானும் அதில்தான் சாப்பிடுகிறேன். ஆனாலும் வா.

பிரியதர்ஷினிக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆகட்டும், தாயும் பிள்ளையும் நூறு வருஷம் இருக்கட்டும். கீழே அந்தப் பெண்ணுக்கும் இதையே எழுத இரண்டு தரம் பேனாவை வைத்தேன், எழுத வரவில்லை. நம் வீட்டு வாயால் அவளை வாழ்த்தினால் அவளுக்கு என்ன ஆகுமோ என்று பயமாக இருக்கிறது. நீ வந்து சொல்லிவிடு அண்ணா, பிறகு நான் வாழ்த்துகிறேன்.

உன் தங்கை,
பானுமதி